மூணு பாக்ஸ் ஒடச்சும் டெக் சேரலையே அக்கா!

பேரு போட வேண்டாம்னு கேட்டுகிட்டு ஒரு தம்பி ரொம்ப நீளமா எழுதியிருக்கார். வயசு 26, கல்யாணமாகி ஒரு வருஷம். போன வருஷம் கூட வேலை பாக்கற நண்பர் ஒருத்தர் போக்கிமான் கார்டு கேம் கத்துக்குடுக்க, அதுலேந்து புடிச்சுகிச்சாம். ஆனா அந்த நண்பர்கிட்டயே தொடர்ந்து தோத்துட்டு இருக்கார். இன்னும் ஏழு வாரத்துல ஒரு போட்டி வருது. சமீபத்துல ஜெயிச்ச ஒருத்தரோட டெக் லிஸ்ட்ட (ஆட எடுத்துட்டுப் போற 60 கார்டு கட்டுதான் டெக்) எடுத்து அதே மாதிரி கட்டிடலாம்னு கிளம்பி, அதுல வர்ற ஒரு ஈஎக்ஸ் கார்டுக்காக (பலம் ஜாஸ்தியான போக்கிமான் கார்டு) மூணு பூஸ்டர் பாக்ஸ், அதாவது உள்ள என்ன கார்டு இருக்குன்னு தெரியாத பேக் அடுக்கின பொட்டி, வாங்கி ஒடச்சிருக்கார், எல்லாம் கிரெடிட் கார்டுல. வேணும்னு நெனச்சது மூணு காப்பி, வந்தது ஒண்ணு. பில்லுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வரார். பாக்ஸ ஆபீஸ்லயே பிரிச்சு, கார்ட டிராயர்ல வெச்சுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போறாராம், மனைவிக்கு எதுவும் தெரியாது.

இப்ப அவர் முன்னாடி மூணு வழி. சின்னதா ஒரு கடன் போட்டு மிச்சக் கார்டெல்லாம் வாங்கிடறது, இல்ல "அச்சு அசல் மாதிரியே இருக்கும், ஸ்லீவ்குள்ள (கார்டுக்குப் போடற பிளாஸ்டிக் உறை) போட்டா யாருக்கும் தெரியாது"ன்னு ஒருத்தர் விக்கற காப்பி கார்ட வாங்கறது, அதுவும் இல்லேன்னா சின்ன வயசுல தானும் தம்பியும் சேத்த பழைய கார்டு ஆல்பத்த வித்துடறது. கடைசில எழுதியிருக்கார், "காசு இருக்கறவன்தான் ஜெயிப்பான்னா இது என்ன கேம் அக்கா? கம்மி செலவுல ஜெயிக்கற டெக் எதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

தம்பி, அந்த "மத்தத"ங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, அதனால அதையும் சேத்தே சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் கடன், செலவுப் பழக்கம் பத்தி ஆலோசனை சொல்றவ, அது என் தொழில். கார்டு கேம் என் பையன் மூலமா வந்தது, அவனுக்கு எதிர ஒக்காந்து ஆட ஆள் வேணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தான், அவன் எப்பவோ விட்டுட்டான் நான் இன்னும் விடல. அதனால பேக் பிரிக்கறப்ப வர்ற அந்த கிர்ருனு ஒரு ஃபீல் எனக்கும் நல்லாவே தெரியும், உங்கள திட்டப் போறதில்ல.

மொதல்ல அந்த பாக்ஸ் கணக்கு

ஒரு பாக்ஸ்ல 36 பேக், ஒரு பேக்ல 10 கார்டு, மூணு பாக்ஸ்னா 108 பேக், 1080 கார்டு. டெக்குக்கு வேண்டியது மொத்தமே 60, அதுலயும் எனர்ஜி கார்டு போக, கடைல உதிரியா கிடைக்கற சாதா கார்டு போக, நீங்க நெஜமா தேடினது மூணே மூணு. மூணு கார்டுக்காக ஆயிரத்து சொச்சம் கார்டு வாங்கியிருக்கீங்க. "இன்னும் ஒரு பாக்ஸ் ஒடச்சா கண்டிப்பா வந்துடும், இவ்வளவு போட்டாச்சு இப்ப நிறுத்தினா போட்டதெல்லாம் வேஸ்ட்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான் என்ன கொஞ்சம் பயமுறுத்துது. நாலாவது பாக்ஸுக்கு மொத மூணு பாக்ஸ்ல என்ன வந்துச்சுன்னு தெரியாது தம்பி. போன காசு போனதுதான், அது அடுத்த பேக்ல வந்து வட்டியோட ஒக்காந்திருக்காது.

எப்ப வரும்னு தெரியாம எப்பவாவது வர்ற பரிசுதான் மனுஷன விடாம இழுக்கும், ஸ்கின்னர்ங்கற மனோதத்துவ நிபுணர் புறா வெச்சு காமிச்சது இதத்தான். ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்தா புறா பசிக்கறப்ப மட்டும் கொத்தும், எப்பவாவது விழுந்தா கொத்திகிட்டே இருக்கும். பேக்கும் அந்த ஜாதிதான். பிரிக்கற சந்தோஷத்துக்கு மாசம் ஒண்ணு ரெண்டு பேக் வாங்குங்க, அது செலவு, சினிமா பாக்கறா மாதிரி. டெக் கட்டறதுக்கு பேக் வாங்காதீங்க. டெக் கட்ட சிங்கிள்ஸ், அதாவது வேண்டிய கார்ட மட்டும் ஒண்ணொண்ணா வாங்கறது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, நீங்க லிங்க் அனுப்பி "இந்த விலைக்கு எப்படிக்கா வாங்கறது"ன்னு கேட்டிருந்தீங்களே, அது அந்தக் கார்டோட ஸ்பெஷல் ஆர்ட் பிரின்ட். ஆட்டத்துக்கு அது தேவையே இல்ல. ஒரு உதாரணம் சொல்றேன், 2023-ல ஆப்சிடியன் ஃப்ளேம்ஸ்ங்கற செட்ல (ஒண்ணா வெளியாகற கார்டுத் தொகுப்பு) சாரிஸார்ட் ஈஎக்ஸ் வந்துச்சு, அதே கார்டு அந்த ஒரே செட்ல நாலு நம்பர்ல இருக்கு, 125, 215, 223, 228. நாலுக்கும் 330 ஹெச்பி (எவ்வளவு அடி தாங்கும்ங்கற கணக்கு), நாலுக்கும் அட்டாக் 180-ல ஆரம்பம், எழுத்துக்கு எழுத்து ஒரே கார்டு. 223-ல படம் அள்ளும், அதனால விலையும் அள்ளும், 125 அதுல ஒரு துணுக்கு விலைக்குக் கிடைச்சுது. எதிர்ல ஒக்காந்திருக்கறவருக்கு நாக் அவுட் ஆனா ஆனதுதான், எந்தப் படம் அடிச்சுதுன்னு பாக்க மாட்டார். ரேர்னா பலம்னு ஒரு நெனப்பு புதுசா வர்ற எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. ரேர்னா கம்மியா கிடைக்கும்னு மட்டும்தான் அர்த்தம்.

லிஸ்ட்ட அப்படியே காப்பி அடிக்கணுமா?

ஜெயிச்சவர் லிஸ்ட் நல்ல ஆரம்பம்தான், நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன். ஆனா அந்த லிஸ்ட் அந்த வாரத்துல அந்தப் போட்டிக்கு யார் என்ன எடுத்துட்டு வருவாங்கன்னு யோசிச்சு அவர் கட்டினது. அதுல ஒரு காப்பி மட்டும் இருக்கற சில கார்டெல்லாம் குறிப்பிட்ட ஒரு எதிரிக்காக வெச்சிருப்பார், உங்க நண்பர்கிட்ட அது செத்த கார்டு. அதனால லிஸ்ட்ட மூணா பிரிச்சுப் பாருங்க. எது இல்லேன்னா டெக்கே இல்லையோ அது, எது டெக்க ஓட்டுதோ அது, எது ஆடம்பரமோ அது.

டெக்க ஓட்டறதுன்னு நான் சொல்றது அல்ட்ரா பால், பாஸ்'ஸ் ஆர்டர்ஸ், ரேர் கேண்டி மாதிரி கார்டு, கார்டு இழுக்கற சப்போர்ட்டர் கார்டு, அதாவது தானா சண்டை போடாம ஆட்டத்துக்கு உதவற கார்டெல்லாம். இதெல்லாம் திரும்பத் திரும்ப அச்சாகி வர்றதால உதிரியா சுலபமா கிடைக்கும், நீங்க ஒடச்ச பாக்ஸ்லயே கொஞ்சம் கிடக்கும். வேடிக்கை என்னன்னா புதுசா ஆடறவங்க கைய வெக்கறதே இதுலதான், ஹீரோ கார்டுக்கு, அதாவது டெக்கோட முக்கியமான போக்கிமானுக்கு, எடம் வேணும்னு ரெண்டு அல்ட்ரா பால தூக்கிடுவாங்க. நீங்களும் அதத்தான் பண்ணியிருக்கீங்க, லிஸ்ட்ல நாலு, உங்க டெக்ல ரெண்டு.

கணக்கு போட்டுப் பாத்துடலாம். 60 கார்டுல 7 கார்டு கைக்கு வருது. ஒரு கார்டு நாலு காப்பி இருந்தா மொதக் கைலயே ஒண்ணாவது வர்ற வாய்ப்பு 100-க்கு 40, மூணு காப்பின்னா 31 சொச்சம், ரெண்டுன்னா 22. இத மட்டும் பாத்தா "அப்ப மூணு வேணுமே"ன்னு தோணும். ஆனா அல்ட்ரா பாலும் அதே கார்டத் தேடிக் குடுக்கும் இல்லையா, கைலேந்து ரெண்டு கார்ட டிஸ்கார்ட் பண்ணணும், அது ஒரு வெல, ஆனா தேடிக் குடுக்கும். அப்ப ஹீரோ மூணு, பால் ரெண்டுன்னு வெச்சா ரெண்டுல ஏதாவது ஒண்ணு மொதக் கைல வர வாய்ப்பு 100-க்கு 47. ஹீரோ ரெண்டு, பால் நாலுன்னு வெச்சா 54! வெல ஜாஸ்தியான கார்ட ஒண்ணு கொறச்சதுக்கு அப்புறமும் மொதக் கைல அதப் புடிக்கற வாய்ப்பு கூடியிருக்கு. ஹீரோ மூணு, பால் நாலு, அதாவது அசல் லிஸ்ட்படி பாத்தா 60. ஆக அந்த மூணாவது காப்பிக்கு நீங்க கடன் வாங்கப் போறது 54-க்கும் 60-க்கும் நடுவுல இருக்கற அந்த ஆறுக்காகத்தான்.

அப்ப ஒண்ணே போதுமான்னா போதாது. ஆரம்பத்துலயே உங்க டெக்லேந்து ஆறு கார்டு பிரைஸா கவுந்துடுது (எதிராளி போக்கிமான சாச்சா அதுலேந்து எடுத்துக்கறது, ஆறையும் எடுத்தவர் ஜெயிப்பார்), ஒரே ஒரு காப்பி வெச்சா அது பிரைஸ்ல போய் மாட்டற வாய்ப்பு பத்துல ஒண்ணு. ரெண்டு வெச்சா ரெண்டுமே மாட்டறது 100-ல ஒண்ணு கூட இல்ல. உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. வாங்க வேண்டியது இன்னும் ஒண்ணு, சாதா பிரின்ட்ல. இதுக்கா கடன்?

"கம்மி செலவுல ஜெயிக்கற டெக் எது"ங்கற கேள்விக்கும் பதில் சொல்லிடறேன், ஆனா பேரு சொல்ல மாட்டேன், ஏன்னா இன்னிக்குச் சொல்ற பேரு அடுத்த செட் வந்ததும் மாறிடும். எங்க தேடணும்னு சொல்றேன். ஒண்ணு, கம்பெனியே லீக் பேட்டில் டெக்னு ரெடிமேடா விடுது, 2024-ல அந்த சாரிஸார்ட் ஈஎக்ஸுக்கே ஒண்ணு வந்துச்சு. பிரிச்ச ஒடனே ஆடலாம், கூட எட்டு பத்து சிங்கிள்ஸ் மாத்தினா போட்டிக்கு எடுத்துட்டுப் போகலாம். இன்னொண்ணு, ஒரு பிரைஸ் போக்கிமான் வெச்சு ஆடற டெக். ஈஎக்ஸ் ஒண்ணு விழுந்தா எதிராளிக்கு ரெண்டு பிரைஸ், மூணு ஈஎக்ஸ் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது, சாதா போக்கிமான்னா அவர் ஆறு தடவ அடிக்கணும். இந்த டெக்ல அடிக்கற கார்டெல்லாம் பெரும்பாலும் காமன், அன்காமன் ரகம். 2014-ல வந்த நைட் மார்ச் டெக்ல 30 ஹெச்பி ஜோல்டிக் பெரிய பெரிய ஈஎக்ஸ ஒரே அடில சாச்சுட்டு இருந்துச்சு. (நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், அதே டெக்ல ஷேமின் ஈஎக்ஸும் வெச்சு ஆடினாங்க, அது அப்ப வெல ஏறிக் கிடந்த கார்டு. "முழுக்க முழுக்க சல்லிசு"ன்னு யாராவது சொன்னா லிஸ்ட்ட ஒரு தடவ எண்ணிப் பாத்துடுங்க.)

உங்க மூணு வழி

கடன பத்தி. மினிமம் டியூ கட்டினா பிரச்சன இல்லன்னு நெனச்சிருக்கீங்க, ரொம்பப் பேர் நெனைக்கறதுதான். லேட் ஃபீஸ் வராது, அவ்வளவுதான். மிச்சத் தொகைக்கு வட்டி ஓடிட்டே இருக்கும், அது மட்டும் இல்லாம பாக்கி வெச்சுட்டு புதுசா தேய்க்கறதுக்கு பெரும்பாலான கார்டுல வட்டியில்லா நாள் கிடையாது, தேய்ச்ச அன்னிலேந்தே வட்டி. இந்த நெலமைல கார்டு வாங்க இன்னொரு கடன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. "அப்புறம் வித்தா காசு வந்துடும், கார்டு ஒரு இன்வெஸ்ட்மென்ட்தானே"ன்னும் எழுதியிருக்கீங்க. ஆடற கார்டுக்கு ஆயுசு இருக்கு தம்பி. போக்கிமான் ஸ்டாண்டர்ட்ங்கற போட்டி வகைல கார்டோட கீழ மூலைல ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, பழைய எழுத்து ஒவ்வொண்ணா வெளிய போகும், அந்தக் கார்டு அப்புறம் அதுல செல்லாது, இதத்தான் ரொட்டேஷன்னு சொல்றது, 2025 ஏப்ரல்ல எஃப் போச்சு. போனதும் அந்தக் கார்ட ஆட வாங்கறவங்க கொறஞ்சுடுவாங்க. ரொட்டேஷனே இல்லாத ஆட்டத்துலயும் தடை வரும். மேஜிக்ங்கற இன்னொரு கார்டு கேம்ல 2024 செப்டம்பர்ல கமாண்டர்ங்கற ஆட்ட வகைல மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் ரெண்டையும் ஒரே நாள்ல தடை பண்ணாங்க, ரெண்டும் யானை வெல கார்டு, வெச்சிருந்தவங்க மறுநாள் காலைல வெலயப் பாத்து தலைல கைய வெச்சுகிட்டாங்க.

காப்பி கார்டு பத்தி. இதுல ரெண்டு விஷயத்த நீங்க கொழப்பிக்கறீங்க. வீட்ல பழக ஒரு துண்டு பேப்பர்ல பேரு எழுதி ஸ்லீவ்ல சொருகி ஆடறது தப்பே இல்ல, நண்பர் ஒத்துகிட்டா போதும், நானே பண்றேன். அசல் மாதிரியே அச்சடிச்சு விக்கறது போலி, அது வேற. போட்டில அசல் கார்டுதான் செல்லும், ஆட்டத்துக்கு நடுவுல கார்டு சேதமானா மாத்து கார்டு எழுதித் தர்ற அதிகாரம் ஜட்ஜுக்கு மட்டும்தான் உண்டு. தெரிஞ்சே போலி வெச்சு மாட்டினா போட்டிலேந்து வெளிய அனுப்பற அளவுக்குப் போகலாம். ஸ்லீவ்குள்ள தெரியாதுன்னு அவர் சொல்றது உங்களுக்குத் தெரியாதுங்கறதுதான், தெனம் நூறு டெக் பாக்கறவங்களுக்குத் தெரியும். பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், எழுத்து லேசா தடிச்சிருக்கும், டார்ச் அடிச்சா வெளிச்சம் பளிச்சுனு இந்தப் பக்கம் வரும். ஒருவேள அசல்னு சொல்லி உங்களுக்குப் போலிய வித்திருந்தா அது வேற கத, அப்ப ஏமாந்தது நீங்க. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரிக்கற வீடியோ, சாட் எல்லாத்தையும் வெச்சுகிட்டு ஒடனே ரீஃபண்டு கேளுங்க, கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க. ஆனா "காப்பி"ன்னு சொல்லியே வித்தத தெரிஞ்சு வாங்கிட்டு அப்புறம் போய் நியாயம் கேக்க முடியாது.

இதோட ஒட்டி ரெண்டு பொறி, ரெண்டுலயும் கார்டு அசல்தான் ஆனா மேஜைல செல்லாது. உலக சாம்பியன்ஷிப்ல ஜெயிச்சவங்க டெக்குன்னு பொட்டில விக்கறது வெல கம்மியா இருக்கும், ஆனா பின்பக்கமே வேற, அது ஞாபகார்த்தமா வெச்சுக்க. அப்புறம் ஜப்பானிய கார்டு, பல எடத்துல அதிகாரப்பூர்வ போட்டில அந்த மொழி கார்டு செல்லாது, வாங்கறதுக்கு முன்னாடி உங்க போட்டி ரூல்ஸ்ல மொழி பத்தி என்ன இருக்குன்னு பாருங்க.

மூணாவது ஆல்பம். அது உங்க ஒருத்தரோடது இல்லையே? பாதி தம்பியோடது. விக்கறதா இருந்தா அவன்கிட்ட ஒரு ஃபோன் போட்டு கேட்டுட்டு வித்துக்கலாம், கேக்காம வித்துட்டு அப்புறம் அவன் ஒரு நாள் "அண்ணா அந்த ஆல்பம் எங்க"ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அதுக்கு முன்னாடி அதுல ஒரு வேல இருக்கு. அல்ட்ரா பால், ஸ்விட்ச் மாதிரி கார்டு புது எழுத்தோட திரும்ப அச்சாச்சுன்னா அதே வாசகம் இருக்கற பழைய பிரின்ட்டும் செல்லும். ஆல்பத்துல அது கிடந்தா எடுத்து டெக்ல போடுங்க, செலவே இல்ல.

விக்க வேண்டியது ஆல்பம் இல்ல, அந்த 1080. அதுல உங்க டெக்குக்கு ஆகாத ஈஎக்ஸ், ஆர்ட் கார்டெல்லாம் கண்டிப்பா சிலது இருக்கும். மொதல்ல மாத்திக்கப் பாருங்க, ஆடறவங்களுக்குள்ள மாத்திக்கறப்ப ரெண்டு பேருக்கும் முழு வெல கிடைச்சா மாதிரி. கடைல குடுத்தா அவங்க விக்கற வெலைல ஒரு பங்குதான் தருவாங்க, அது அவங்க பொழப்பு, ரொக்கத்த விட ஸ்டோர் கிரெடிட்டா வாங்கினா பெரும்பாலும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். புது செட் வந்த மொத வாரங்கள்ல வெல உச்சத்துல இருக்கும், அப்ப விக்கறது லாபம், வாங்கறது முட்டாள்தனம்.

இந்த ஏழு வாரம்

மொத மூணு வாரம் ஒரு கார்டும் வாங்காதீங்க. 108 பேக் பிரிச்சீங்களே, இங்கிலீஷ் பேக்னா ஒவ்வொண்ணுலயும் ஒரு கோடு கார்டு (ஆப்புல டைப் பண்ற ரகசிய கோடு அச்சடிச்ச கார்டு) இருந்திருக்கும், அத என்ன பண்ணீங்க? குப்பைல போட்டிருந்தா எனக்கு நெஜமாவே வயித்தெரிச்சல். இருந்தா போக்கிமான் டிசிஜி லைவ் ஆப்புல அடிங்க, ஆப்பு இலவசம், கோடு அடிச்சா பேக் வரும், நாலுக்கு மேல சேந்த கார்டு கிரெடிட்டா மாறும், அந்த கிரெடிட்ட வெச்சு வேண்டிய கார்ட உண்டாக்கிக்கலாம். காசு கட்டி டெக் கட்டறதுக்கு முன்னாடி அதே டெக்க அங்க கட்டி ஒரு அம்பது ஆட்டம் ஆடுங்க. அம்பதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும், அந்த மூணாவது காப்பி இல்லாம எத்தன தடவ தோத்தீங்கன்னு, இல்ல அந்த டெக்கே உங்களுக்குப் புடிக்கலன்னு. ரெண்டாவது தெரிஞ்சா எவ்வளவு மிச்சம் பாருங்க.

அப்புறம் அந்த நண்பர். அவர் காசாலதான் ஜெயிக்கறார்னு நீங்க முடிவே பண்ணிட்டீங்க, இருக்கலாம், நான் அவர் டெக்க பாத்ததில்ல. ஒண்ணு பண்ணுங்க, டெக்க மாத்திகிட்டு பத்து ஆட்டம் ஆடுங்க, அவர் டெக் உங்ககிட்ட, ரெண்டு அல்ட்ரா பால் இருக்கற உங்க டெக் அவர்கிட்ட. அப்பவும் அவரே ஏழெட்டு ஜெயிச்சார்னா வித்தியாசம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும், அப்ப வாய் விட்டு கேளுங்க, "இந்த டர்ன்ல ஏன் அந்த சப்போர்ட்டர போடாம வெச்சீங்க"ன்னு. நான் ஒரு காலத்துல ஒருத்தர்கிட்ட ஒரு வருஷம் தோத்துட்டு "அவருக்கென்ன, எல்லாம் ஒரிஜினல் ஃபாயில் (பளபளப்பு கார்டு)"னு பொருமிட்டு இருந்தேன், டெக்க மாத்தி ஆடினப்ப பத்துக்கு எட்டு அவர். நான் ஒவ்வொரு டர்னும் கைல இருக்கறத எல்லாம் எறக்கிட்டு அடுத்த டர்னுக்கு வெறுங்கையா நிப்பேன், அதான் விஷயம். (ஃபாயில்னு சொன்னதும் ஞாபகம் வருது, வளைஞ்ச ஃபாயில் டெக்ல தனியாத் தெரியும், கவுத்து வெச்சாலும் எதுன்னு அடையாளம் தெரியற மார்க்டு கார்டுன்னு ஜட்ஜ் புடிச்சுப்பார். போட்டிக்கு பின்பக்கம் ஊடுருவித் தெரியாத ஸ்லீவ், எல்லாம் ஒரே பாக்கெட்லேந்து, அதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.)

நாலாவது வாரம் சிங்கிள்ஸ் வாங்கலாம், 1080-ல வித்ததுலேந்து வந்த காசுல பாதிக்கு மட்டும். மீதிப் பாதி கிரெடிட் கார்டு பாக்கிக்கு. அதுக்கு மேல ஒரு ரூபா கூட தேய்ப்பு கிடையாது. அந்தப் பாதிக்குள்ள ரெண்டாவது ஹீரோ அடங்கலன்னா ரெடிமேட் டெக் பக்கம் திரும்புங்க, அவமானம் ஒண்ணும் இல்ல. மிச்ச மூணு வாரம் அதே 60-அ மாத்தாம ஆடுங்க, பெஸ்ட் ஆஃப் த்ரீன்னா (மூணுல ரெண்டு ஜெயிக்கணும்) 50 நிமிஷத்துக்குள்ள முடிக்கப் பழகணும், டைம் வெச்சு ஆடுங்க. போட்டில ஜெயிச்சு வர்ற பரிச வெச்சு பில் கட்டிடலாம்னு மட்டும் கணக்கு போடாதீங்க.

வீட்டு விஷயம். கார்டு வாங்கினது தப்பு இல்ல, ஆபீஸ்ல பிரிச்சுட்டு வெறுங்கையோட போறீங்களே, அதுதான் உங்கள அரிக்குது, லெட்டர்ல ரெண்டு எடத்துல அத எழுதியிருக்கீங்க. போட்டிக்கு முன்னாடி சொல்லிடுங்க, ஜெயிச்சுட்டு சொல்லலாம்னு தள்ளாதீங்க, தோத்தா அப்புறம் சொல்லவே மாட்டீங்க. சொல்றப்ப "கொஞ்சம் செலவாயிடுச்சு"ன்னு இழுக்காம பில்ல எடுத்து முன்னாடி வெச்சு, இவ்வளவு பாக்கி, மாசம் இவ்வளவு கட்டப் போறேன், இந்த மாசத்துல முடியும்னு நம்பரா சொல்லுங்க. கோவம் வரும், வரட்டும். வட்டி கட்டறதுல அவங்க பங்கும் இருக்கில்லையா, தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. நாலாவது பாக்ஸ் வாங்கணும்னு கை பரபரன்னு வந்து, வேண்டாம்னு நெனச்சும் நிறுத்த முடியலன்னா, அப்ப அது கேம் விஷயம் இல்ல, நேர்ல ஒரு ஆலோசகர பாருங்க, கூச்சப்படாதீங்க.

அந்த பத்து ஆட்டம் ஸ்கோர் என்னன்னு எழுதுங்க. கோடு கார்டு குப்பைல போச்சா இல்லையாங்கறதையும்.